கடைசித் தேர்வுக்கு ஒரு வரைமேசை

அனுப்புநர்:
பழைய பாடத்திட்டத்தில் ஒரே ஒரு தாள் மீதமுள்ள மாணவி,
ஆடைத் தொழில்நுட்பப் பிரிவு.
(தற்போது ஆயத்த ஆடை நிறுவனமொன்றில் மாதிரி வெட்டும் அறை உதவியாளர். பெயர், பதிவு எண், முகவரி ஆகியவை இணைத்துள்ள நுழைவுச்சீட்டு நகலில் உள்ளன.)

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
பல்கலைக்கழகத் தேர்வுத் துறை.

பொருள்: பொறியியல் வரைபடத் தாள் – பழைய பாடத்திட்டத்தாருக்கான கடைசி வாய்ப்பு – கையால் வரைய வேண்டிய தேர்வைக் கணினி அறையில் நடத்தவிருப்பது – கல்லூரி வளாகத்திலேயே உள்ள வரைமேசை ஒன்றை ஒதுக்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் துறையின் கடைசி வாய்ப்பு அறிவிப்பு. 2. எனது நுழைவுச்சீட்டு (முன்பக்கம், பின்பக்கம் இரண்டும்).

மதிப்பிற்குரிய ஐயா,

1. பட்டப்படிப்பின் எல்லாத் தாள்களிலும் தேறி, முதலாமாண்டுப் பொறியியல் வரைபடத் தாளில் மட்டும் தேறாமல் நிற்பவள் நான். எத்தனை முறை எழுதினேன் என்பது தங்கள் துறையின் பதிவில் இருக்கும். எங்கள் வீட்டில் எண்ணுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. என்னோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்த ஒருவர் இன்று வேறொரு கல்லூரியில் இதே தாளைப் பாடம் நடத்துகிறார் என்று கேள்வி. நன்றாக இருக்கட்டும்.

2. பழைய பாடத்திட்டத்தாருக்கு இதுவே கடைசி வாய்ப்பு, இதற்குப் பின் எக்காரணம் கொண்டும் அனுமதியில்லை என்று தங்கள் துறை அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பு வந்த அதே மாதத்தில், எங்கள் மாதிரி அறையின் பொறுப்பாளர் ஓய்வு பெறப்போவதாகச் சொன்னார். அவர் இடத்துக்குப் பட்டம் பெற்றவர்தான் வரவேண்டும் என்பது நிர்வாகத்தின் விதி. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, அதற்குள் சான்றிதழோடு வந்தால் நாற்காலி எனக்கு, இல்லையென்றால் வெளியாள் என்று சொல்லிவிட்டார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. பட்டமில்லாதவளை இத்தனை காலம் வைத்திருந்ததே பெரிய விஷயம். இப்போது தங்கள் அறிவிப்பும் அவருடைய கெடுவும் சேர்ந்து என்னை நடுவில் நிறுத்தியிருக்கின்றன. இந்தத் தாளில் தேறினால் எல்லாம் உண்டு, இல்லையென்றால் ஒன்றுமில்லை.

3. இதுவரை நான் தேறாததற்கான காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவற்றில் எதற்கும் தங்கள் துறை பொறுப்பில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு பொருளை முன்னாலிருந்து பார்த்தால் தெரிவதைத் தாளின் மேல்பாதியிலும், மேலேயிருந்து பார்த்தால் தெரிவதைக் கீழ்ப்பாதியிலும் வரையச் சொல்கிறது பாடம். மேலேயிருந்து பார்ப்பதை எதற்குக் கீழே வரைய வேண்டும் என்று முதல் தேர்வில் யோசித்துக்கொண்டே இருந்தேன், மணி அடித்துவிட்டது. அடுத்த முறை யோசிக்காமல் வரைந்தேன். பலகையின் மூலையில் மாட்டி இணைகோடு போடும் டிராஃப்டரின் திருகு நடுவில் தளர்ந்துபோனது. நான் போட்ட இணைகோடுகள் எல்லாம் சொந்தக்காரர்களைப் போல ஓரிடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டன. மகள் பிறந்த புதிதில் ஒருமுறை எழுதினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விடைத்தாளிலும் ஒன்றுமில்லை.

4. அதற்குப் பிறகு வந்த தோல்விகளுக்கெல்லாம் காரணம் என் வேலை. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். சட்டையின் கை, கழுத்து, முதுகு என்று ஒவ்வொரு பாகத்தையும் அட்டையில் வரைந்து வெட்டிக் கொடுப்பது எங்கள் அறையின் வேலை. அந்த அட்டையை வைத்துத்தான் கீழ்த்தளத்தில் துணி வெட்டுவார்கள். எந்தப் பாகத்தை வரைந்தாலும் சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விட வேண்டும். விடாவிட்டால் சட்டை போட்டவருக்கு மூச்சு முட்டும், நான் பொறுப்பாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். நாள் முழுக்க இதே வேலை என்பதால் கை தானாக விடும், மனம் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வரைபடத் தாளில், ஒரு கூம்பையோ உருளையையோ ஒரு பக்கம் கீறி, விரித்துத் தட்டையாகப் போட்டால் எப்படி இருக்கும் என்று வரையச் சொல்லும் கேள்வி ஒன்று தவறாமல் வரும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. முழு மதிப்பெண் வந்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் நம்பி வெளியே வந்தேன். ஒவ்வொரு முறையும் சில மதிப்பெண்ணில் போனது. எதில் போகிறது என்பது மட்டும் விளங்கவேயில்லை.

5. விளங்க வைத்தவர் என் நாத்தனார். கணவரின் தங்கை, பள்ளியொன்றில் விளையாட்டு ஆசிரியை, எங்கள் வீட்டு மாடி அறையில் இருப்பவர். ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் இருவரும் நீண்டகாலம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அதற்கான காரணம் இந்த மனுவுக்குத் தேவையில்லை. கடைசி வாய்ப்பு என்று கேள்விப்பட்டதும் அவராகவே கீழே இறங்கி வந்து, மைதானத்தில் நிறுத்திவைக்கும் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, இதை அளந்து விரித்து வரையுங்கள் பார்க்கலாம் என்றார். வரைந்தேன். அந்தத் தாளை வெட்டியெடுத்துக் கூம்பின் மேல் சுற்றிப் பார்த்தார். ஓரம் ஓரத்தின் மேல் ஏறி நின்றது, அடியிலும் சுற்றிலும் தொங்கியது. ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்டார். தையலுக்கு விட்டது என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்ன என்று எனக்கே காதில் விழுந்தது.

“அண்ணி, இதை யாரும் தைக்கப் போறதில்ல” என்றார் அவர்.

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். நானும் சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதேன். இத்தனை காலமும் எனக்கு மண்டையில் ஒன்றும் ஏறாது என்றுதான் நினைத்திருந்தேன் ஐயா. ஏறாமல் இல்லை, கைப்பழக்கம்தான் காலை வாரியிருக்கிறது என்று தெரிந்தபோது தாங்க முடியவில்லை.

6. அன்று முதல் என் வீடு பயிற்சிக் கூடமானது. வேலையிலிருந்து வந்து முகம் கழுவியதும் சாப்பாட்டு மேசையில் வரைபலகை ஏறிவிடும். மற்றவர்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். இருசக்கர வாகனம் பழுது பார்க்கும் என் கணவர், டிராஃப்டரின் திருகை இனி யார் நினைத்தாலும் தளராத அளவுக்கு முறுக்கிக் கொடுத்தார். கூம்பைச் சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் எப்படி வரும் என்று பார்ப்பதற்காகக் காரட்டைச் சீவிச் சீவி வெட்டினேன். வெட்டியதெல்லாம் சாப்பாட்டில்தான் சேர்ந்தது. மகள் காரட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நாத்தனார் நேரம் பார்ப்பார். ஆரம்பிக்க ஒரு விசில், பாதி நேரத்துக்கு ஒரு விசில், முடிக்க ஒரு விசில். தையலுக்கு விடும் பழக்கத்தில் என் பென்சில் கொஞ்சம் வெளியே போனாலும் இடையில் ஒரு விசில். பக்கத்து வீட்டுக்காரர் வந்து இங்கே யார் பந்து விளையாடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

7. போன மாதம், வாழ்க்கையில் முதன்முறையாக, முழுத் தாளையும் நேரத்துக்குள் முடித்தேன். நாத்தனார் அதைத் தம் பள்ளியில் ஓய்வுபெற்ற வரைபட ஆசிரியர் ஒருவரிடம் எடுத்துப்போனார். யார் வரைந்தது என்று சொல்லாமல் திருத்தச் சொன்னாராம். தேறுவதற்குத் தேவையானதற்கு மேலேயே போட்டிருந்தார். அந்தத் தாளை நான் மடிக்கக்கூட இல்லை. அப்படியே சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

8. நுழைவுச்சீட்டு வந்தது அதற்கு அடுத்த வாரம். அதன் முன்பக்கத்தில், தேர்வு கணினி ஆய்வகத்தில், கணினி வழியாக நடைபெறும் என்று அச்சிட்டிருக்கிறது. பின்பக்கத்தில், மாணவர்கள் டிராஃப்டர், கவராயம், பென்சில் முதலியவற்றைத் தாங்களே கொண்டுவர வேண்டும் என்றும், எந்த மின்னணுச் சாதனத்தையும் தொடக்கூடாது என்றும் அச்சிட்டிருக்கிறது. கணினி மின்னணுச் சாதனம் இல்லை என்று எடுத்துக்கொள்வதா, அதைத் தொடாமலே வரைவதா என்று எனக்குப் புரியவில்லை. தங்கள் துறையைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. இரண்டு பக்கமும் தங்கள் முத்திரையோடுதான் வந்திருக்கின்றன என்பதற்காக எழுதுகிறேன்.

9. ஒருநாள் விடுப்புப் போட்டு, நாத்தனாரையும் அழைத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். வரைபடக் கூடத்தை எடுத்துவிட்டுக் கணினி அறையாக்கிவிட்டார்கள் என்று அங்கேதான் தெரிந்தது. சன்னல் எல்லாம் அடைத்து, குளிரூட்டி வைத்து, உள்ளே செருப்போடு போகக்கூடாது என்று எழுதியிருந்தது. பிரிவு எழுத்தர் மரியாதையாகத்தான் பேசினார். பாடம் அதேதானே, கருவி மட்டும்தானே மாறுகிறது என்றார். என் நாத்தனாருக்கு மைதானத்தில் கத்திப் பழகிய குரல். நீச்சலுக்குப் பழகினவரைப் போட்டியன்று சைக்கிளில் ஏற்றிவிட்டு, போய்ச் சேரும் இடம் அதேதானே என்று சொல்வீர்களா என்று அவர் கேட்டது அடுத்த அறைவரைக்கும் கேட்டிருக்கும். எழுத்தர் கையை விரித்தார். மேலிடத்து முடிவு, நான் என்ன செய்ய என்றார். அவர் சொன்னதிலும் பொய்யில்லை.

10. கணினியில் வரையப் பழகிக்கொள்ளலாமே என்று தாங்கள் நினைக்கலாம். முயன்று பார்த்துவிட்டேன். நாத்தனார் பள்ளியின் கணினி அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். ஒரு கோடு போட்டேன், அது திரையை விட்டு எங்கேயோ ஓடிவிட்டது. தேடிப் பிடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. எங்கள் நிறுவனத்தில் கணினி இருப்பது கணக்குப் பிரிவில். எங்கள் அறையில் அட்டையும் அளவுகோலும் கத்தரிக்கோலும்தான். பழகினால் எனக்கும் வரும், வராது என்று சொல்லவில்லை. ஆனால் நேரத்துக்குள் முடிக்கும் அளவுக்குக் கை பழக எனக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். கையில் மீதமிருப்பது சில வாரங்கள். புதிய பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு வருடப் பாடம். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் தேர்வு வைக்கிறீர்கள்.

11. அன்று கல்லூரித் தாழ்வாரத்தில் என்னைப் போலவே கடைசி வாய்ப்பில் எழுதவிருப்பவர், நுழைவுச்சீட்டு வாங்க வந்திருந்த ஒருவரைச் சந்தித்தேன். என்னைவிடப் பழைய மாணவர். வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறார். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. நுழைவுச்சீட்டைப் பார்த்துவிட்டு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, சண்டையும் போடவில்லை. சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார். வண்டியில் கட்டியிருந்த டிராஃப்டரை அவிழ்த்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். என்னிடம் நல்ல டிராஃப்டர் இருக்கிறது என்று சொல்லியும் கேட்கவில்லை.

“எனக்கு இனிமே எதுக்கும்மா? நீயாச்சும் எழுது” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவரைத் தடுத்து நிறுத்தி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இந்த மனு அவருக்கும் சேர்த்துத்தான். அவருடைய பதிவு எண் எனக்குத் தெரியாது. தங்கள் துறைக்குத் தெரிந்திருக்கும்.

12. இனி வரைமேசை விஷயம். மனம் நொந்துபோய்க் கல்லூரிச் சிற்றுண்டிச் சாலையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தோம். தம்ளர் என் பக்கமாக நகர்ந்து வந்தது. நாத்தனார் தள்ளிவைத்தார், மறுபடியும் வந்தது. குனிந்து பார்த்தேன். மேசையின் முன்கால்களுக்குக் கீழே மரத்துண்டு முட்டுக்கொடுத்திருந்தார்கள், அதில் ஒன்று விழுந்துவிட்டது. பலகையைத் தடவிப் பார்த்தால் கவராயம் குத்திய துளைகள், மூலையில் டிராஃப்டர் மாட்டிய தழும்பு. சுற்றிலும் பார்த்தேன், எல்லாம் அதே மேசைகள்தான். வரைபடக் கூடத்தை ஒழித்தபோது சாய்வு மேசைகளையெல்லாம் இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். சிற்றுண்டிச் சாலை நடத்துபவரிடம் விசாரித்தேன். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், உங்களால் எனக்குத் தம்ளர் உடைவது மிச்சம் என்றார். கல்லூரி முதல்வரும், தங்களிடமிருந்து ஒரு வரி வந்தால் தமக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டார். ஆகவே மேசை இருக்கிறது, கொடுக்க ஆளும் இருக்கிறது. தங்களுடைய அந்த ஒரு வரிதான் இல்லை.

13. ஆகவே கீழ்க்காணும் கோரிக்கைகளைத் தங்கள் முன் வைக்கிறேன்.

(அ) பழைய பாடத்திட்டத்தார் விரும்பினால் இந்தத் தாளைக் கையால் வரைந்து எழுதலாம் என்று உத்தரவிட்டு, வரைமேசை ஒதுக்கித் தர வேண்டும். ஓர் அறைகூட வேண்டாம். மேசையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டு, தேர்வு முடிந்ததும் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க என் கணவர் வருவார். தாழ்வாரத்தில் போட்டாலும் சரி, மாடிப்படிக்குக் கீழே போட்டாலும் சரி, வெளிச்சம் இருந்தால் போதும்.

(ஆ) மேசை தர முடியாதென்றால், என் சொந்த வரைபலகையை எடுத்துவர அனுமதிக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து வரைந்துகொள்கிறேன். மாதிரி அறையில் பெரிய அட்டைகளைத் தரையில் உட்கார்ந்துதான் வரைகிறோம், எனக்கு அது பழக்கம்தான்.

(இ) இந்த உத்தரவைத் தண்ணீர் கேன் போடும் அந்த மாணவருக்கும், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் தங்கள் துறையே கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டும். அவராக வந்து கேட்கமாட்டார்.

14. நான் எதைக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூடுதல் நேரம் கேட்கவில்லை. கருணை மதிப்பெண் கேட்கவில்லை. சுலபமான வினாத்தாள் கேட்கவில்லை. இன்னொரு வாய்ப்பும் கேட்கவில்லை. கடைசி என்று சொன்னீர்கள், கடைசியாகவே இருக்கட்டும். என் கையால் வரைந்து அதிலும் தேறாமல் போனால், மேலாளரிடம் நானே போய் வெளியாளை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். வருகிறவருக்கு வேலையும் கற்றுக்கொடுப்பேன். என் நாத்தனாருக்கு முன்னால் மட்டும் கொஞ்ச நாள் தலைநிமிர முடியாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

15. இந்த மனுவுக்குப் பதில் வந்தாலும் வராவிட்டாலும் தேர்வு நாளன்று பலகையோடு வருவேன். கூச்சல் போட வரவில்லை, தேர்வு எழுதத்தான் வருகிறேன். அன்று என்னைத் திருப்பி அனுப்புவதென்று தாங்கள் முடிவு செய்தால், ஒன்றே ஒன்று செய்து தர வேண்டும். மதிப்பெண் பட்டியலில் என் பெயருக்கு நேரே தோல்வி என்று போட வேண்டாம். எழுத இடம் கொடுக்கவில்லை என்று போடுங்கள். தோல்வி எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் ஐயா. இது அது இல்லை.

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,

மனுதாரர்
(கையொப்பம்)

நாள்: 4ஆம் தேதி, திங்கட்கிழமை
இடம்: நுழைவுச்சீட்டில் உள்ள முகவரி

இணைப்பு: நுழைவுச்சீட்டின் நகல், இரு பக்கமும்.

நகல்: கல்லூரி முதல்வர் அவர்களுக்கு, தகவலுக்காக.